டர்பனில் எதை வாங்குவது, எங்கே வாங்குவது?

கேள்வி: நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கிறோம். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமியாரை அழைத்துக்கொண்டு வெள்ளி முதல் ஞாயிறு வரை டர்பனில் தங்கப் போகிறோம். ஊரில் உள்ளவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வாங்க வேண்டும் என்கிறார் மாமியார். பட்டுப்புடவை, நகைக் கடைகளையும் பார்க்க ஆசைப்படுகிறார். 'நகரத்துக்குள் அலைய வேண்டாம், கேட்வே மாலுக்குப் போனால் போதும்' என்பது என் கணவரின் கட்சி. எங்கே போவது நல்லது?

பதில்: நகரத்துக்குள் கட்டாயம் போங்கள். ஆனால் என்ன வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கே போவது என்பது அதிலேயே தெளிவாகிவிடும்.

கிரே தெருப் பக்கத்துக் கடைகளில் மாட்டியிருக்கும் பட்டுப்புடவைகள் காஞ்சிபுரத்திலிருந்தும் சூரத்திலிருந்தும் கடல் கடந்து வந்தவை. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கல்யாணம், காவடி என்றால் அந்தக் கடைகள்தான் கதி. திருச்சிக்காரருக்கு அவற்றால் என்ன லாபம்? மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதியில் கிடைப்பதையே கூடுதல் விலை கொடுத்து வாங்கித் திரும்பவும் தூக்கிக்கொண்டு போவார். நகைக்கும் இதே கதைதான். கடைகளைப் பார்த்து ஆசை தீரட்டும். பணத்தை டர்பனுக்கே உரிய பொருள்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அப்படிப்பட்டவற்றில் நான் மூன்றைச் சொல்வேன்: மசாலா, ஷ்வேஷ்வே துணி, ஜூலு மக்களின் கைவேலை.

மசாலாவுக்கு விக்டோரியா தெரு மார்க்கெட். பழைய இந்தியர் மார்க்கெட் 1973இல் தீக்கிரையான பிறகு, குவிமாடங்களோடு கட்டப்பட்ட இப்போதைய கட்டடம் 1990இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்த தூள்களும் அவற்றின் மேல் செருகிய பெயர் அட்டைகளும் கண்ணில் படும். 'மாமியார் ஒழிப்பு மசாலா' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய அட்டையும் இருக்கும். மாமியாரோடு போவதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கானவை. உள்ளூர்க்காரர்கள் அட்டையைப் பார்த்து வாங்குவதில்லை. கறிக்கா, மீனுக்கா, அவரைக்கா, காரம் எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிக் கலந்து வாங்குவார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

டர்பன் மசாலா திருச்சிக் குழம்புத்தூள் மாதிரி இருக்காது. வறுத்த பருப்போ அரிசியோ சேராது. மிளகாய் தூக்கலாகவும் பட்டை, கிராம்பு, சோம்பு மணமாகவும் இருக்கும். கொதிக்கும் குழம்பில் தூவினால் பச்சை வாடை போகாது. வெங்காயம் வதங்கியதும் எண்ணெயிலேயே தூளைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறி, நிறம் இறங்கிய பிறகே இறைச்சியைச் சேர்க்க வேண்டும். பெரிய துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கு கடைசியில் சேரும். இதை உங்கள் மாமியாருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அந்தப் பொட்டலம் ஊரில் அலமாரியிலேயே கிடக்கும். வாங்கும்போது ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு இருந்தும் மணம் எழவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். விமானத்தில் போகிற சரக்கு என்று சொல்லி, சூடு வைத்து ஒட்டிய உறையாகக் கேளுங்கள்.

அங்கிருந்து இம்மானுவேல் தேவாலயத்தைத் தாண்டினால் மத்ரஸா ஆர்கேட். ஜும்மா மசூதியை ஒட்டி, கிரே தெருவுக்கும் கதீட்ரல் சாலைக்கும் இடையில் ஓடும் குறுகலான சந்து அது. துணிக்கு அங்கேயும் சுற்றியுள்ள தெருக்களிலும் பாருங்கள். ஷ்வேஷ்வே என்பது நுண்ணிய கோலம் போன்ற அச்சு விழுந்த பருத்தித் துணி. கருநீலம், காவி, சாக்லேட் நிறங்கள் அதன் பழைய நிறங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து, சோத்தோ, கோசா பெண்களின் சடங்கு உடையாகவே மாறிவிட்ட துணி இது. 1982 முதல் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவில் டகாமா ஆலை அதை நெய்து அச்சிட்டது. 'திரீ கேட்ஸ்' (மூன்று பூனைகள்) அதன் பேர்போன முத்திரை.

போலி ஏராளம். அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் முத்திரை அச்சாகியிருக்கும். பிறகு விரலால் தடவுங்கள். புதுத் துணி அட்டை போல விறைப்பாக இருக்கும், அதற்கென்றே ஒரு வாடையும் உண்டு. கப்பலில் வந்த காலத்தில் ஈரம் தாக்காமலிருக்க ஏற்றிய கஞ்சியின் மிச்சம் அது. நாக்கு நுனியில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு முறை துவைத்தால் கஞ்சி போய்த் துணி பஞ்சாகிவிடும். கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அகலமும் 90 சென்டிமீட்டர்தான், ஆகவே ரவிக்கைக்கோ குர்த்தாவுக்கோ கணக்குப் பார்த்துத் தாராளமாகவே வெட்டச் சொல்லுங்கள். தைப்பதற்கு முன் நனைத்துக் காய வைப்பது அவசியம். திருச்சியில் இதைப் போல ஒன்று கிடைக்காது என்பதால், பரிசு என்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

வழி கேட்கும்போது குழம்பாமலிருக்க ஒன்று. கிரே தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கீசே தெரு. தமிழ்ப் பெண் மருத்துவரும் சத்தியாகிரகப் போராளியுமான கூனம் அம்மையாரின் பெயர் பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு. பைன் தெரு மான்டி நாயக்கர் சாலையாகிவிட்டது. பலகையிலும் வரைபடத்திலும் புதிய பெயர் இருக்கும். மக்கள் வாயில் பழைய பெயர்தான் வரும். தமிழர் பெயர் தாங்கிய அந்தப் பலகைகளை மாமியாருக்குக் காட்டுங்கள், மகிழ்ந்து போவார்.

கைவேலைக்கும் காய்கறிக்கும் வாரிக் சந்திப்பு. ஒன்றோடொன்று ஒட்டிய பல மார்க்கெட்டுகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் அதிகாலை மார்க்கெட் 1910இல் தொடங்கியது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து சொந்தமாகக் காய்கறி பயிரிட்ட நம் முன்னோர்கள் விற்க இடமின்றித் தெருவில் அலைந்த பிறகு கிடைத்த இடம். 2009இல் அதை இடித்து மால் கட்ட நகராட்சி திட்டமிட்டபோது வியாபாரிகள் போராடி அதைக் காப்பாற்றினார்கள். இங்கே வாங்காவிட்டாலும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான். சேப்பங்கிழங்கை இங்கே 'மடும்பி' என்பார்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பூஜைக்குச் சாமந்தி என்று மாமியாருக்குப் பழக்கமான எல்லாம் கண்ணில் படும்.

பாசிமணி வேலை மார்க்கெட்டும், பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேல் நடக்கும் மூலிகை மார்க்கெட்டும் அதன் அருகில்தான். பாசிமணியில் நூலின் முடிச்சைப் பாருங்கள். இழுத்தால் நெகிழ்ந்தால் வேண்டாம். தொலைபேசிக் கம்பியில் பின்னிய கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இடைவெளியில் ஒளி ஒழுகாமலிருப்பதே நல்ல பின்னல். இலாலா பனையோலைக் கூடையில் நெருக்கமாகப் பின்னியது, நனைந்து ஓலை உப்பியதும் நீர்கூடக் கசியாது. ஜூலு மக்கள் அதில் பீர் ஊற்றி வைத்தார்கள். மூலிகைக் கடைகளில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இந்தப் பகுதியை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, ஆசியே எடஃபுலேனி என்ற தொண்டு அமைப்பு வழிகாட்டியோடு நடத்தும் சுற்றில் சேர்வதே நிம்மதி.

உங்கள் கணவரின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. நகரத்தின் நடுப்பகுதியில் வழிப்பறி நடக்கிறது. காலையிலேயே போய் மதியத்துக்குள் வேலையை முடியுங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டில் வைத்துவிடுங்கள், கைப்பேசியை நடந்துகொண்டே பார்க்காதீர்கள், தேவையான ரேண்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காகக் கிரே தெருக் கடைகள் பல மூடியிருக்கும். அதனால் நகரத்தைச் சனிக்கிழமைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியன்று நேரமிருந்தால், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வெள்ளி, சனிகளில் கூடும் 'பங்களாதேஷ் மார்க்கெட்' போகலாம். நம் மக்கள் கூட்டத்தைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. கேட்வே ஞாயிற்றுக்கிழமைக்கு, அல்லது மழை பெய்தால். ஜோகன்னஸ்பர்க் மால்களில் இல்லாத பொருள் அங்கே அதிகம் இல்லை.

கடைசியாக, பணம் திரும்ப வரும் வழி ஒன்று உண்டு. நீங்கள் இங்கே வசிப்பவர், உங்களுக்குப் பொருந்தாது. மாமியார் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தவர் என்பதால், நாட்டை விட்டு எடுத்துப் போகும் பொருள்களுக்கு விலையில் அடங்கியிருக்கும் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பக் கோரலாம். அதில் ஒரு சிறு கட்டணம் கழியும். பொருள்களின் மொத்த மதிப்பு 250 ரேண்டுக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கி 90 நாளுக்குள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும். சாதாரண ரசீது செல்லாது. கடையின் வரி எண்ணோடு கூடிய வரி ரசீது கேட்டு வாங்குங்கள். தெருவோர விற்பனையாளர்களிடம் அது இருக்காது, அவர்களை வற்புறுத்த வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே பொருள்களைச் சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஆகவே துணியையும் கூடையையும் பெட்டியின் மேலாக அடுக்கி, ரசீதுகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.