ஊதாக் கரைசல் ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: மாங்கனீசு, மக்னீசியம் குறியீடுகள் குழப்புகின்றன. எப்படி நினைவில் வைப்பது?
– பத்தாம் வகுப்பு மாணவர், கீழக்கரை

பதில்: மாங்கனீசுக்குப் பெரிய எம், சின்ன என், அணு எண் 25. மக்னீசியத்துக்குப் பெரிய எம், சின்ன ஜி. அணு எண் 12. இரண்டாம் எழுத்தை அவசரத்தில் கிறுக்கினால் தனிமமே மாறிவிடும்.

கேள்வி: பெர்மாங்கனேட் வினையை ஒரு புத்தகம் எம்என்²⁺ என்றும், இன்னொன்று எம்என்ஓ₂ என்றும் முடிக்கிறது. எது சரி? செய்முறையில் எங்கள் குடுவை பழுப்பாகிவிட்டது.
– ப்ளஸ் டூ மாணவி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டும் சரிதான். கரைசலில் அமிலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊதாநிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில், அதாவது கேஎம்என்ஓ₄-ல், பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜன் −8. எனவே மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7. அமிலம் தாராளமாக இருந்தால் +2 வரை இறங்கும்:

எம்என்ஓ₄⁻ + 8ஹெச்⁺ + 5இ⁻ → எம்என்²⁺ + 4ஹெச்₂ஓ

மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள் (இ⁻ என்பது எலக்ட்ரான்): இடப்பக்கம் −1 + 8 − 5 = +2, வலப்பக்கமும் +2. அணுக்களை மட்டும் எண்ணிவிட்டு இதை விடுவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது.

நடுநிலையிலோ லேசான காரத்திலோ +4-லேயே நின்றுவிடும்:

எம்என்ஓ₄⁻ + 2ஹெச்₂ஓ + 3இ⁻ → எம்என்ஓ₂ + 4ஓஹெச்⁻

உங்கள் குடுவையில் கண்ட பழுப்பு இந்த எம்என்ஓ₂தான். ஒரு பெர்மாங்கனேட் அயனிக்கு 8 ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். அமிலம் குறைந்தாலோ, பியூரெட்டை (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயை) வேகமாகத் திறந்து குடுவையைச் சுழற்றாமல் விட்டாலோ பழுப்பு வரும். 20 மி.லி. பெரஸ் (+2 நிலை இரும்பு) கரைசலுக்கு அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் ஊற்றுங்கள். பழுப்பு வந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கண்ணாடியில் படிந்த கறைக்குச் சிறிது ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும் விட்டு இளஞ்சூடாக்கினால் போய்விடும்.

கேள்வி: கிணற்று நீரில் பெரஸ் கரைசல் தயாரித்தால் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகிறது. ஏன்?
– ஆய்வக உதவியாளர், தொண்டி

பதில்: கடலோரக் கிணற்று நீரில் உப்பு, அதாவது குளோரைடு, இருக்கிறது. இரும்போடு பெர்மாங்கனேட் வினைபுரியும்போது கூடவே குளோரைடையும் தாக்கிக் குளோரினாக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இதில் ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். குடுவையைக் கடைசியாக அலசுவதற்கும் அதுவே. வாங்கி வைத்த நீரில் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் அந்த நீர் வேண்டாம்.