ராம்போவின் மகனும் ஜெபக்கூட்டமும் – கடிதம்

அன்புள்ள சார்,

'சன் ஆஃப் ராம்போ' படத்தைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளோடு பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். காலாண்டு விடுமுறையில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். 1982இல் இங்கிலாந்தில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் ராம்போ படத்தைத் திருட்டு வீடியோவில் பார்த்துவிட்டுத் தாங்களே ஒரு சண்டைப் படம் எடுக்கக் கிளம்புகிற கதை. பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிரதரன் என்கிற கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகும்வரை தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. வீட்டில் டிவி கிடையாது. படத்தில் வில் என்கிற பையனின் வீட்டில் முக்காடு போட்ட அம்மாவும் ஜெபக்கூட்டமும் வந்ததும் என் மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, ஆச்சி வீடு மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். அப்புறம் படம் பார்த்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். பாதிப் பேர் தங்கள் பால்யம் திரும்பி வந்ததாக உருகுகிறார்கள். சிலர் அந்தச் சபையைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இது விசுவாசிகளைக் கேலி செய்கிற படமா? இன்னொன்று, அந்தப் பையன்கள் எடுத்த படம் உண்மையிலேயே மோசம். அதைக் கடைசியில் தியேட்டரில் போட்டதும் ஏன் எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஏன் நம்மையும் அழச் சொல்கிறார்கள்? என் கணவரின் கேள்வி வேறு: நீந்தத் தெரியாத பையனைக் கயிற்றில் ஆடவிட்டு ஏரியில் விழவைப்பதை எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அம்மாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா என்றும் யோசிக்கிறேன். இப்போது அவர் டிவி பார்க்கிறார்.

எஸ்., பாளையங்கோட்டை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்ததுதான் இந்தப் படத்துக்கு எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. ஒரே காட்சிக்குப் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார், நமக்குச் சுருக்கென்கிறது. முதலில் இந்தப் படம் பார்வையாளர்களிடம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தனி வேடிக்கை.

இயக்குநர் கார்த் ஜென்னிங்ஸ், தயாரிப்பாளர் நிக் கோல்ட்ஸ்மித் இருவரும் இசை வீடியோக்கள் எடுத்துப் பேர் வாங்கியவர்கள். ஜென்னிங்ஸ் பையனாக இருந்தபோது ராம்போவைப் பார்த்துவிட்டு வீடியோ கேமராவும் கையுமாகக் காட்டுக்குள் ஓடியவர்தான். இது பாதி சொந்தக் கதை. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படத்தைத் திரையிட்டபோது கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. பாரமவுண்ட் வான்டேஜ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. விலை 70, 80 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு படம் பெட்டியிலேயே கிடந்தது. உள்ளே அசல் ராம்போ படத்தின் துண்டுகள் வருகின்றன, அந்த உரிமைகளைச் சரிசெய்ய மாதங்கள் ஓடிவிட்டன. பிரிட்டனில் 2008 ஏப்ரலில்தான் வந்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு மே 2ஆம் தேதி, ஒரு சில அரங்குகளில். அன்றைக்குத்தான் 'அயர்ன் மேன்' நாடு முழுவதும் இறங்கியது. அமெரிக்க வசூல் 20 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. ஆனால் பிரிட்டனில் மறுவருடம் எம்பயர் பத்திரிகை கொடுக்கும் விருதுகளில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

விழா அரங்கில் கொண்டாடியவர்களும் சரி, பிரிட்டனில் உருகியவர்களும் சரி, பெரும்பாலும் அந்த 1982இல் ஏறக்குறைய அந்த வயதில் இருந்தவர்கள், அல்லது ஒரு காலத்தில் தாங்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். வீட்டுக்கு வீடியோ வந்த புதிது, கேமரா வைத்திருப்பவன் தெருவுக்கு ஒருவன்கூட இல்லை. வாயில் போட்டால் வெடிக்கிற மிட்டாயும் அந்தக் காலத் தலைமுடியும் அவர்களுக்குப் பழைய புகைப்பட ஆல்பம். நமக்கு அதில் பங்கு இல்லை. அந்தச் சிரிப்பு நமக்கு வராதது நம்முடைய ரசனைக் குறைவும் அல்ல. அந்த ஏக்கத்தை முழுக்கக் கழித்துவிட்டாலும் படத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நிறைய மிஞ்சுகிறது.

உங்கள் சபை விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் வருவது பிளிமத் பிரதரன். 1820களின் கடைசியில் டப்ளினில் ஆரம்பித்துப் பிளிமத்தில் வேர்விட்ட இயக்கம். 1848இல் அது இரண்டாகப் பிரிந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான டார்பியின் பின்னால் போனவர்கள் உலகத்தோடு ஒட்டாமல் கதவைச் சாத்திக்கொண்ட பிரிவு ஆனார்கள். மற்றவர்கள் திறந்த பிரிவு. வில்லின் வீட்டில் நாம் பார்க்கிற கெடுபிடி அந்தச் சாத்திக்கொண்ட பிரிவின் சாயலில் இருக்கிறது. நம்மூர் சபைகளில் மிகப் பல அந்தத் திறந்த பிரிவின் வழி வந்தவை. எக்ஸெட்டரில் பல் மருத்துவராக இருந்து மிஷனரியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் பாக்தாத்திலிருந்து 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன். அவர் அமைத்த கிறிஸ்டியான்பேட்டை இன்றும் வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிறது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆகவே உங்கள் மகள் பார்த்தது ஆச்சி வீட்டை அல்ல, ஆச்சி வீட்டுக்குத் தூரத்து உறவுக்காரர் வீட்டை.

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சபையின் சகோதரர் ஜாஷுவாவாக வருகிறவரை இயக்குநர் ஒரு மனிதனாக யோசிக்கவே இல்லை. வில்லின் இறந்துபோன அப்பாவின் நாற்காலியில் உட்காரப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். அந்த மனிதர்கள் கூடிப் பாடுவதில் ஓர் ஆறுதல் இருக்கும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பது அவர்கள்தான் என்பதெல்லாம் படத்துக்குத் தேவைப்படவில்லை. தடை போடுவதற்கு ஆள் வேண்டும், எடுத்துக்கொண்டார்கள். கேலி என்று இதைச் சொல்லமாட்டேன். சோம்பேறித்தனம் என்பேன். அம்மாவாக நடித்த ஜெசிக்கா ஹைன்ஸ் மட்டும் தன் முகத்தை வைத்தே அதை ஈடுகட்டுகிறார். சபையா மகனா என்று வரும் இடத்தில் அவர் மகன் பக்கம் நிற்கிறார். அதைச் சபைக்கு எதிரான வெற்றி மாதிரி அவர் நடிக்கவில்லை, ஒரு பெரிய இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறவள் மாதிரி நடிக்கிறார். படம் பார்த்தவர்கள் அந்த அம்மாவைப் பற்றி அதிகம் எழுதாதது எனக்கும் ஆச்சரியம்தான்.

நீங்கள் இன்னொன்றைக் கவனித்தீர்களா? வகுப்பில் டிவியில் ஆவணப்படம் போடும்போது வில்லை வெளியே வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். அங்கேதான் பக்கத்து வகுப்பிலிருந்து துரத்தப்பட்ட லீ கார்ட்டரைச் சந்திக்கிறான். ஒருவன் பக்தியால் வெளியே வந்தவன், மற்றவன் போக்கிரித்தனத்தால் வெளியே வந்தவன். இந்தப் படத்தையே அந்தத் தடைதான் தொடங்கிவைக்கிறது. அதற்கும் மேலே, எந்தப் படத்தையும் பார்க்காத வில்லின் நோட்டு முழுக்க ஓவியம். நாள் முழுக்கப் படம் பார்க்கிற லீயிடம் கேமரா இருக்கிறது, கதை இல்லை. கதையைக் கொண்டுவருகிறவன் ஜெபக்கூட்டத்து வீட்டுப் பையன். கேலி செய்ய நினைத்த இயக்குநர் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம், வில் தன் வாழ்க்கையின் முதல் படத்தைப் பார்ப்பது. அசல் ராம்போ படம் 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்'. பின்னால் வந்த பாகங்களில் நாம் பார்த்த இயந்திரத் துப்பாக்கி ஆசாமி அதில் கிடையாது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவன், போக்கிடம் இல்லாமல் ஒரு சிற்றூருக்குள் நடந்து வருகிறான். ஊர் போலீஸ் அவனை விரட்டுகிறது, காட்டுக்குள் ஓடுகிறான், கடைசியில் தன் பழைய தளபதியின் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுகிறான். இதைப் பார்த்த வில்லுக்கு என்ன தோன்றுகிறது? நான் ராம்போ ஆகவேண்டும் என்று தோன்றவில்லை. நான் ராம்போவின் மகன், அப்பாவை எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், போய் மீட்கவேண்டும் என்று தோன்றுகிறது. அப்பா செத்துப்போன பையன் அவன். ஒரு சண்டைப் படத்திலிருந்து தனக்கு இல்லாததைத் துல்லியமாக எடுத்துக்கொண்டு ஓடுகிறான். விமர்சகர்கள் என்று உட்கார்ந்து எழுதுகிற நாமெல்லாம் செய்வதும் இதுதான். அவன் அளவுக்கு நேர்மையாகச் செய்வதில்லை, அவ்வளவே.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். பையன்கள் எடுத்த படம் மோசமா? மோசம்தான். பிபிசியில் 'ஸ்க்ரீன் டெஸ்ட்' என்று உண்மையிலேயே ஒரு சிறுவர் நிகழ்ச்சி இருந்தது, அதில் இளம் படைப்பாளிகளுக்குப் போட்டி நடத்துவார்கள். லீ அதற்கு அனுப்பத்தான் படம் எடுக்கிறான். 1980இல் அந்தப் போட்டியில் வென்ற யான் பின்காவா பிற்பாடு பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்துக்குப் போய் 'கெரிஸ் கேம்' என்ற குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். வில்லும் லீயும் அந்த ஜாதி இல்லை. அவர்கள் படத்தைப் போட்டிக்கு அனுப்பினால் நானே இரண்டாவது சுற்றில் தள்ளிவிடுவேன்.

ஆனால் லீ அதை யாருக்காக எடுக்கிறான்? அவன் அண்ணன் லாரன்ஸுக்காக. அப்பா இல்லை, அம்மா வெளிநாட்டில். முதியோர் இல்லத்தின் பின்கட்டில் அண்ணன்காரனுக்கு வேலைக்காரன் மாதிரி வாழ்கிறான். படம் ஆரம்பிக்கும்போதே தியேட்டரில் உட்கார்ந்து ராம்போவைக் கேமராவில் திருடிக்கொண்டிருப்பது அண்ணனுக்காகத்தான். கடைசியில் அரங்கில் அந்தப் படம் ஓடும்போது, லீக்குத் தெரியாமல் லாரன்ஸும் அதில் ஒரு துண்டு நடித்திருப்பது தெரிகிறது. அடிபட்டுக் கிடந்த தம்பிக்கு அண்ணன் அனுப்பிய பதில் அது. நான் அழுதேன். அந்த நடிப்பு நன்றாக இருந்ததா என்று கேட்டால், படு கேவலம்.

சரி, சுற்றி இருக்கிற கூட்டம் ஏன் கைதட்டுகிறது? இங்கே நான் உங்கள் கட்சி. அவர்கள் வேறு ஏதோ படம் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள். அந்தப் பையன்களின் கதை அவர்களுக்குத் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் 'படத்தைப் போடுய்யா' என்று கத்தியிருப்பார்கள். நாம் எப்போது அழவேண்டும் என்று சொல்லித்தர இயக்குநர் வைத்த கூட்டம் அது. லீ ஒருவனே அந்த அரங்கில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் போதும். இயக்குநருக்கு நம்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நிஜத்தில் அப்படி ஒரு கைதட்டல் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதே 1982இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எரிக் ஸாலா, கிறிஸ் ஸ்ட்ராம்போலோஸ் என்று இரண்டு பையன்கள் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தை ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுக்க ஆரம்பித்தார்கள். ஜேசன் லாம்ப் என்ற நண்பன் கேமரா பார்த்துக்கொண்டான். முடிப்பதற்குள் கோடை விடுமுறைகள் போய்க்கொண்டே இருந்தன, குரல் உடைந்தது, மீசை வந்தது, சண்டை வந்தது. 2003இல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒரு தியேட்டரில் அதைத் திரையிட்டபோது கூட்டம் கூத்தாடியது. அந்தக் கூட்டத்துக்கு அசல் படம் மனப்பாடம். அடுத்த ஷாட்டை இந்தப் பையன்கள் எப்படிச் சமாளிக்கப் போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தக் கைதட்டலுக்குக் காரணம் இருக்கிறது. ஜென்னிங்ஸ் காட்டும் தியேட்டர் கூட்டத்துக்கு அந்தக் காரணம் இல்லை.

நடுவே பிரெஞ்சு மாணவன் டிடியே வந்து பள்ளிக்கூடமே படப்பிடிப்புக்குள் நுழைகிற பகுதி இழுவை என்று பலர் சொல்கிறார்கள். இழுவைதான், கத்தரியை வைத்திருக்கலாம். ஆனால் படக்குழு பெரிதாகப் பெரிதாகப் படம் கெட்டுப்போவதை அது சரியாகக் காட்டுகிறது. ஊரே கொண்டாடிய டிடியே திரும்பிப் போகும் பேருந்தில் சொந்த வகுப்புப் பையன்களிடம் வெறும் கோமாளி என்று தெரிகிற அந்தச் சின்னக் காட்சிக்காக மீதி இழுவையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: பிரிட்டனிலேயே இதற்கு 12ஏ சான்றிதழ்தான் கொடுத்தார்கள், அதாவது பன்னிரண்டுக்குக் கீழே என்றால் பெரியவர் கூட இருக்கவேண்டும். அவருடைய பயம் வெறும் கற்பனையும் இல்லை. அந்த மிசிசிப்பிப் பையன்கள் வீட்டின் நிலவறையில் நிஜத் தீயே வைத்து எடுத்தார்கள். நான் பொதுவாகக் 'குழந்தைகளோடு' என்று எழுதியிருந்தேன், பத்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். பக்கத்தில் பேத்தியையும் உட்கார வையுங்கள். ஜாஷுவா வரும் இடங்களில் அவர் உங்களைவிடக் கடுமையாகத் திட்டுவார் என்று நினைக்கிறேன். சபைக் காரணங்களுக்காகத் திட்டுகிறாரா, ஒரு விதவையின் வீட்டில் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று திட்டுகிறாரா என்பதை மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்