கேள்வி: ஜேர்மனியில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறேன். தூர இடங்களுக்குக் குறைந்த செலவில் போவது எப்படி? பல ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் போக உதவும் இன்டர்ரெயில் பாஸ் வாங்கலாமா?

உதவித்தொகை பிந்தித்தான் வரும், கையில் இருப்பது நகை அடகு வைத்த காசு என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் போங்கள், சுகமான ரயில்.

எனக்கு ஊர் இலங்கையில், முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டான். 2023 ஏப்ரலில் கோட்டிங்கனுக்குப் படிக்கப் போனேன். என் அதிர்ஷ்டம், அடுத்த மாதமே டொய்ச்லண்ட்டிக்கெட் தொடங்கியது. அப்போது மாதம் 49 யூரோ, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், ட்ராம் எல்லாம் அதில் அடங்கும். 2026 ஜனவரியில் இருந்து 63 யூரோ. சில பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே இது குறைந்த விலைக்கு வந்துவிடும், அதை முதலில் விசாரியுங்கள். இது சந்தா. நிறுத்துவதென்றால் அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும்.

அந்த ஜூனில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் புறப்பட்டேன். பெரியம்மா அங்கே பக்கத்தில் இருக்கிறார். அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் இரண்டு மாதமாக என் அறையில் கிடந்தன. கசலில் ரயில் மாற வேண்டும். முதலில் வந்த ரயிலில் ஹம் என்று எழுதியிருந்தது, ஏறிவிட்டேன். சீற் மெத்தென்று இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். அது ஐசி, தூர ஊர்களுக்கு ஓடும் விரைவு ரயில், என் டிக்கெட் அதற்குச் செல்லாது. பரிசோதகர் அம்மா என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 60 யூரோ என்றார். பெட்டி முழுக்க எங்கள் மிளகாய்த்தூள் மணம் வேறு. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், பிழை என்னுடையது. பெரியம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் காசைத் தந்திருப்பார், அன்றிரவே அம்மாவுக்குப் போன் போயிருக்கும்.

இந்த டிக்கெட்டில் ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்கும் உள்ளூர் ரயிலில் ஏறலாம். ஐசி, ஐசிஇ என்றால் அதே தண்டவாளத்தில் அதே ஊருக்குப் போனாலும் ஏறக் கூடாது.

இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு, மற்றவர்களுக்கு யூரெயில். இன்டர்ரெயில் எடுத்தால், வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியே போக ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவை மட்டும்தான் பாவிக்கலாம். ஜேர்மனிக்குள் சுற்ற அது எதற்கு? மற்ற நாடுகளுக்கு இரவு ஃபிளிக்ஸ்பஸ் போதும், ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். கடவுச்சீட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள், எல்லையில் எழுப்பிக் கேட்பார்கள். ஐசிஇ-க்கும் முன்கூட்டியே எடுத்தால் மலிவு டிக்கெட் உண்டு, ஆனால் குறித்த ரயிலிலேயே போக வேண்டும்.

உள்ளூர் ரயிலில் போவது நேர விரயம் என்று யாராவது கீழே எழுதுவார்கள், எழுதட்டும். 1990இல் போரால் வவுனியாவுக்கு அப்பால் ரயில் நின்றுபோனது. எங்கள் பக்கத்துத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி வரை ரயில் திரும்பி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மாங்குளத்தில் நின்று பார்த்த அதுதான் நான் கண்ட முதல் ரயில். எனக்கு எந்த ரயிலும் மெதுவான ரயில் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விசா அலுவலாக நாலு தடவை இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வந்தேன். மாங்குளத்தில் இறங்குகிறவனிடமும் யாழ்ப்பாணம் மட்டும் உள்ள காசை வாங்குகிறார்கள். கேட்டால், "விருப்பமில்லையெண்டால் அடுத்த பஸ்ஸில வாங்கோ" என்று பதில். இறக்கிவிடுவது விடியப்புறம் மூன்று மணிக்கு. முல்லைத்தீவுப் பக்கம் முதல் பஸ் வரும்வரை சந்தியில் நாய்களோடு குந்தியிருக்க வேண்டியதுதான். நாலாவது தடவை தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தார்.