விளம்பர அழைப்புத் தொல்லைக்கான 1909 என்ற எண்ணுக்குப் புகார் அனுப்பினால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா, நேரம்தான் வீணா?

நடக்கிறது. ஐந்து பேர் என்மீது புகார் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் பதினைந்து நாள் என் எண்ணிலிருந்து ஒருவரையும் அழைக்க முடியவில்லை.

நீங்கள் கேட்பது கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள்தோறும் வரும் அழைப்புகளைப் பற்றி. மதியம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து அடிப்பார்கள். எண்ணை முடக்கினால் வேறு எண்ணிலிருந்து அடிப்பார்கள். வெறுத்துப்போய்த்தான் "நேரம்தான் வீணா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே தொல்லை உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே "ஸ்டார்ட் 0" என்று 1909-க்கு அனுப்பி, எந்த விளம்பரமும் வேண்டாம் என்று பதிந்து வைத்தவள் நான். அப்படிப்பட்டவள் மீதே புகார் வந்தது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மும்பையில் சயான் கோலிவாடாவில் முறுக்கு, தட்டை, அதிரசம், முந்திரிக்கொத்து செய்து விற்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு வைத்திருக்கிறேன். அந்த எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிடுகிறேன். வீட்டில் செய்து விற்பவர்கள் எல்லாரும் விதிக்கு வெளியே இருப்பவர்கள் என்று எழுத நினைப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்கிறேன். என் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த வேலையில்தான் மகனைப் படிக்க வைத்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே எண். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்த எண்தான் பெயர்ப்பலகை.

2025 தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி. செப்டம்பர் கடைசியில், செம்பூரில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தங்கள் பஜனைக் குழுவுக்காகத் திரட்டிய தமிழ்க் குடும்பங்களின் எண்களை எனக்குக் கொடுத்தார். "உங்களுக்கு உதவியாக இருக்கும் அக்கா" என்று நல்ல மனதோடுதான் கொடுத்தார். மொத்தம் 230 எண்கள். என் வழக்கமான வாடிக்கையாளர்களோடு அவர்களுக்கும் சேர்த்து, விலைப்பட்டியலை மூன்று நாளில் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். பதில் வராத சிலருக்கு மறுமுறையும் அனுப்பினேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எண்ணெய் வியாபாரியை அழைத்தேன். போகவில்லை. அழைப்புகள் வந்தன, நான் அழைக்கத்தான் முடியவில்லை. என் தொழிலில் பாதிப்பேர் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நான் திருப்பிக் கூப்பிட்டு ஆர்டர் எழுதிக்கொள்வேன். அன்று மாலைக்குள் பதினாறு மிஸ்டு கால். இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, அவன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். தெரியாத எண் என்று பலர் எடுக்கவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன் விற்கிறவர்களின் அழைப்புக்குப் பயந்து நானும் புதிய எண்களை எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, பத்து நாளுக்குள் ஐந்து பேர் என்மீது புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னான். எனக்கு அறிவிப்பும் அனுப்பியிருந்தார்களாம். தேடிப் பார்த்தேன், இருந்தது. அதற்கு மேலும் கீழும் தள்ளுபடி, பரிசு, கடன் என்று விளம்பரச் செய்திகளாக இருந்ததால் திறந்தே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

பிறகு விதிகளை மகன் உட்கார்ந்து படித்துச் சொன்னான். வணிகச் செய்திகளைப் பற்றி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2018 ஜூலையில் விதிமுறை கொண்டுவந்தது. விளம்பரம் அனுப்புகிறவர் தன்னையும், தன் பெயராக வரும் தலைப்பையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் செய்யக் கூடாது. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால்தான் நடவடிக்கை. 2025 பிப்ரவரியில் அதைப் பத்து நாளில் ஐந்து புகார் என்று மாற்றிவிட்டார்கள். முதல் முறை பிடிபட்டால் பதினைந்து நாள் வெளி அழைப்பு நிறுத்தம். மறுபடியும் செய்தால் ஓராண்டுக்கு இணைப்பே கிடையாது.

தண்டனை அந்த ஓர் எண்ணோடு நிற்காது, அனுப்பியவர் பெயரில் இருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்துத்தான். இது எனக்குப் புதன்கிழமைதான் உறைத்தது.

என் மாமியார் அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சிம் வாங்கப் போனபோது கைரேகை பதியவே இல்லை; விரல்கள் அவ்வளவு தேய்ந்திருந்தன. அதனால் என் பெயரில் வாங்கிக் கொடுத்தேன். தினமும் விளக்கேற்றியதும் அவர்தான் என்னை அழைப்பார். திங்களும் செவ்வாயும் அழைப்பு வரவில்லை. ஆர்டர் கவலையில் நானும் கவனிக்கவில்லை. புதன்கிழமை மகனின் தொலைபேசியிலிருந்து அழைத்தேன். எடுத்ததும் அவர் கேட்டார்: "என்மேல் ஏதாவது கோபமா?" தொலைபேசி கெட்டுவிட்டது என்று நினைத்து, பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பழுது பார்க்கிறவரிடம் 350 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எண்பத்தோரு வயது. யாருக்கும் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பத் தெரியாதவர்.

என் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. பஜனைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவதற்காகக் கொடுத்த எண்ணுக்கு முறுக்கு விலையை அனுப்பியது தவறுதான். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுவே: எதற்காகச் சம்மதம் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் விவரத்தைப் பயன்படுத்த வேண்டும். புகார் கொடுத்த ஐந்து பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் சட்டத்தின் அடி யார் முதுகில் விழுகிறது என்று பாருங்கள். கடன் விற்கிறவர்களிடம் கைநிறைய சிம் இருக்கிறது. ஒன்று போனால் அடுத்ததைப் போடுகிறார்கள். எண் போனால் அவர்களுக்கு எதுவும் போவதில்லை. ஒரே எண்ணைப் பத்தொன்பது ஆண்டு காப்பாற்றி வைத்தவளுக்குத்தான் எல்லாம் போகிறது. "வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் இந்த விதிமுறை உங்களைத் தொட்டிருக்காது" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். உண்மைதான், அது அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும்தான் பொருந்தும். அப்படியென்றால் தொல்லை தொல்லை இல்லையா, வந்த வழிதான் தொல்லையா?

எண்ணைக் கொடுப்பது பற்றி இன்னொன்று. செம்பூரில் பெரிய அடுக்குமாடிகளுக்குப் பலகாரம் கொண்டுபோகும்போது, வாசலில் காவலர் என் எண்ணைக் கட்டாயம் எழுதச் சொல்கிறார். எழுதாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். எழுதிய பிறகும் குடியிருப்பவர்கள் போகும் லிப்டில் ஏறக் கூடாது, பொருள் கொண்டுவருகிறவர்களுக்குத் தனி லிப்ட். போன டிசம்பரில் அது பழுது. இரண்டு கையிலும் டின்னோடு பதினொரு மாடி ஏறினேன். நல்ல லிப்ட் காலியாக நின்றுகொண்டிருந்தது. நான் செய்த அதிரசத்தைச் சாமிக்குப் படைக்கிறார்கள், என்னோடு ஒரு லிப்டில் நிற்க மாட்டார்கள். கேள்விக்குத் தொடர்பில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் விட மனமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் புகார் கொடுங்கள். முன்பு மூன்று நாள்தான் தந்தார்கள். அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி, இவ்வளவு போதும். 1909-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம், அழைத்தும் சொல்லலாம், விளம்பரம் வேண்டாம் என்று பதிவதற்கான டிராயின் டி.என்.டி. செயலியிலும் போடலாம். சாதாரண எண்ணிலிருந்து வரும் விளம்பரத்துக்கு எதிராகப் புகார் கொடுக்க, முன்பே டி.என்.டி. பதிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இப்போது இல்லை. ஐந்து நாளுக்குள் தொலைபேசி நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். இப்படி வந்த தொல்லை அழைப்புகள், செய்திகளின் கணக்கைத் தவறாகக் காட்டினால் அவர்களுக்கே முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் அபராதம். பதிவுபெற்ற நிறுவனம் அனுப்பும் செய்தி என்றால் தலைப்பின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. வங்கி பெயரைச் சொல்லி ஏமாற்றப் பார்த்தால் அது 1909 வேலை அல்ல. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது, அங்கே போடுங்கள்.

கடன் விற்கிறவர்கள் மீது நானும் இப்போது விடாமல் புகார் கொடுக்கிறேன். நான்கு பேர் கொடுத்து ஐந்தாமவர் சோம்பிவிட்டால் அந்த எண் தப்பிவிடும். அதனால் நீங்களும் கொடுங்கள்.

என் வீட்டில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பலகாரம் வாங்க வருகிறவர்களிடம், பண்டிகை விலையைச் சொல்ல நான் அழைக்கலாமா என்று கேட்டு, சரி என்றவர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். 140 பேர் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துக் காட்டினால் சட்டம் என்னை விட்டுவிடும் என்று நினைத்துச் செய்வதில்லை. கேட்காமல் யாரையும் அழைக்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமியாரையும் கடைக்கு அழைத்துப் போனேன். நான்காவது விரலில் ரேகை பதிந்தது. சிம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.