குதிகாலில் ஒரு மச்சம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கால் ஆணி என்று நினைத்த மச்சத்தால் உங்கள் அத்தையை இழந்ததைப் போன வருடம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவின் காலைத் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவில், கறுப்பும் பழுப்புமாக, மை கசிந்ததுபோல ஒரு மச்சம். கேட்டால், "அது ரெண்டு மூணு வருசமா இருக்குது, முள்ளு ஏறுன தடம்" என்றார். தோல் டாக்டர் அதிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் "பிரெஸ்லோ தடிமன் 0.9 மி.மீ., புண் இல்லை" என்று இருக்கிறது. ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊரில் பார்த்த சர்ஜன், மச்சத்தைச் சுற்றி 1 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் போதும் என்கிறார். கோவையில் பார்த்தவர், கூடவே தொடை இடுக்கிலிருந்து ஒரு நெறியையும் (நிணநீர்க் கணு) எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும், மூலிகைப் பத்து போடலாம் என்பது மாமா. மருந்துக் கம்பெனியில் இருக்கும் தங்கை மாப்பிள்ளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி பற்றிச் சொல்கிறார். அம்மாவுக்கு 58 வயது, நான்கு மாடு வைத்திருக்கிறார். அவரிடம் "சின்னக் கட்டி" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை கோவை டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கே.,
கோபி பக்கம்

அன்புள்ள கே.,

அம்மாவின் காலைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் அத்தையின் கால் பெருவிரல் அடியில் இருந்ததை ஒரு கிளினிக்கில் கால் ஆணி என்று இரண்டு முறை சுட்டார்கள். சுட்டு எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவே இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பயாப்சி என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் டாக்டர் இல்லை. அப்போது படித்திருக்க வேண்டியதை அத்தை போன பிறகு படித்தவள், அவ்வளவுதான். இந்தப் பதிலை அனுப்பும் முன் திசுச் சோதனைத் துறையில் இருக்கும் ஒரு தோழியிடம் காட்டிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் "துளி சதை". பிரெஸ்லோ தடிமன் என்பது தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் ஆழமான செல் வரை மைக்ரோஸ்கோப்பில் அளப்பது. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்கர் 1970இல் இதைச் சொன்னார். மெலனோமாவில் மச்சத்தின் அகலத்தைவிட ஆழம்தான் பேசும் என்பது அவர் கண்டது. இன்றும் முக்கால்வாசி முடிவுகள் அந்த எண்ணை வைத்துத்தான். மச்சம் முழுவதையும் எடுத்து அளந்திருந்தால் 0.9 என்பது 0.9தான். ஒரு மூலையில் கிள்ளி எடுத்து அளந்திருந்தால், அதற்கு "குறைந்தது 0.9" என்றுதான் பொருள். பக்கத்திலேயே 1.4 இருக்கலாம். உள்ளங்காலில் முழுதாக எடுப்பது சிரமம் என்பதால் கிள்ளி எடுப்பது வழக்கம்தான், தோல் டாக்டர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணின் மேல் மற்ற எல்லாவற்றையும் கட்டுகிறோம் என்பதால், துளியின் அடி விளிம்பு வரை கட்டி இருந்ததா என்று ரிப்போர்ட் எழுதியவரிடமே கேளுங்கள். லேபிலிருந்து ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, வேலூர் சிஎம்சியிலோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ இன்னொருவர் கண்ணில் காட்டலாம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, லேபில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

0.9 சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு டாக்டர்களும் முரண்படவில்லை. மச்சத்தைச் சுற்றி 1 செ.மீ. விட்டு எடுப்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. தடிமன் 1 மி.மீ. வரை 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் 2 செ.மீ., நடுவில் இருந்தால் இரண்டில் ஒன்று. ஒரு காலத்தில் 5 செ.மீ. எடுத்தார்கள். 1907இல் ஹேண்ட்லி என்ற லண்டன் சர்ஜன், நோய் முற்றி இறந்த ஒரே ஒரு பெண்ணின் உடலைச் சோதித்து எழுதியதை வைத்துப் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அப்படி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு உடல்! பிற்பாடு நூற்றுக்கணக்கானவர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மெல்லிய கட்டிகளுக்கு 1 செ.மீ. போதும் என்று ஆனது. "நிறைய எடுத்தால் நிறையப் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது அந்த நெறி விஷயம் ஒன்றுதான். காலில் புண் வந்தால் கவட்டையில் நெறி கட்டும், நம் பாட்டிகளுக்கே தெரியும். கட்டியிலிருந்து செல் கிளம்பினால் அதே பாதையில் போய் முதலில் தங்குகிற நெறி ஒன்றோ இரண்டோ இருக்கும். அதை நீலச் சாயம் செலுத்திக் கண்டுபிடிக்கும் வழியை டொனால்ட் மார்ட்டன் என்ற சர்ஜன் 1992இல் வெளியிட்டார். இப்போது மிகக் குறைந்த கதிரியக்க மருந்தும் சேர்த்துச் செலுத்துகிறார்கள். 0.8 மி.மீ.க்குக் கீழே, புண்ணும் இல்லை என்றால் பொதுவாக இதைச் செய்வதில்லை. 1 மி.மீ. தாண்டினால் செய்யலாம் என்பார்கள். உங்கள் அம்மா சரியாக நடுவில் நிற்கிறார். இந்தத் தடிமனில் நெறியில் செல் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10. "பேசி முடிவு செய்யுங்கள்" என்று மருத்துவ வழிகாட்டிகளே விட்டுவிட்ட இடம் இது. ஊர் டாக்டருக்குத் தெரியவில்லை, கோவை டாக்டர் பணம் பிடுங்குகிறார் என்று இரண்டில் எதையும் நினைக்காதீர்கள்.

நெறியை எடுப்பதால் ஆயுள் கூடுமா? 2014இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், சோதித்தவர்களையும் சோதிக்காமல் கண்காணித்தவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது மெலனோமாவால் இறப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. சோதனை தருவது தகவல். செல் இருந்தால் நோய் மூன்றாம் நிலை. உங்கள் மாப்பிள்ளை சொல்கிற ஊசியைப் பற்றிய பேச்சு அப்போதுதான் வரும். இப்போது அதற்கு இடமில்லை, முதல் நிலையில் யாரும் போடுவதில்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு மாடு வாங்கலாம். உடம்பு முழுக்கப் படம் எடுத்துப் பார்க்கும் பெட் ஸ்கேனும் இந்த நிலையில், தொந்தரவு ஏதும் இல்லாதபோது வேண்டாம். சம்பந்தமில்லாத எதையாவது காட்டி வீட்டில் யாரையும் தூங்கவிடாது.

முன்பெல்லாம் அந்த ஒரு நெறியில் செல் இருந்தால் கவட்டையில் இருக்கும் எல்லா நெறியையும் வழித்து எடுத்துவிடுவார்கள். கால் வீங்கிப் போகும். அப்படி எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு வீக்கம், எடுக்காமல் ஸ்கேனில் கண்காணித்தவர்களில் 6 சதவீதம், ஆயுளில் மாற்றமில்லை என்று 2017இல் தெரிந்த பிறகு அந்த வழக்கம் போயிற்று. சோதனைக்குச் சம்மதிப்பதாக இருந்தால், "செல் இருந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க மாட்டீர்கள்தானே?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் என்றால் செய்துகொள்வேன். முதல் நிலை மெலனோமாவில் ஐந்து ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 97 பேர், அதற்கும் மேல், அந்த நோய்க்குத் தப்பியிருப்பார்கள் என்று படிப்பீர்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் தோலில், வெயில் பட்டு வரும் மெலனோமாவை வைத்துப் போட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவது வேறு ரகம். வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, போக்கும் கொஞ்சம் முரட்டுத்தனம். "குறைந்தது 0.9" என்ற சந்தேகமும் சேர்ந்தால் என் மனம் சோதனைப் பக்கம்தான் சாய்கிறது. இன்னொன்று, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போட முடியாது. குதிகாலை அகலமாக வெட்டித் தைத்த பிறகு நிணநீர்ப் பாதை கலைந்துவிடும், எது முதல் நெறி என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். ஊரிலேயே முடித்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் யோசித்துச் செய்வதால் குடி முழுகாது. மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

மாமாவுக்கு வருகிறேன். அவரைத் திட்டாதீர்கள். ஊரில் கத்தி வைத்த பிறகு செத்தவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார். அவர்கள் பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், பழி கத்தி மேல் விழுந்தது. இந்த நிலையில் மெலனோமாவுக்குக் கத்திதான் மருந்து, வேறு ஒன்றும் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதே ரகம்தான். கால்பந்து ஆடி அடிபட்ட காயம் என்று நினைத்திருந்தார். விரலை எடுக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். நகத்தையும் அதன் அடிப்பகுதியையும் மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். 1981 மே மாதம் இறந்தார், 36 வயது. விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு விரல், உங்கள் அம்மாவுக்கு ஒரு வட்டத் தோல். மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அந்த வட்டம் எவ்வளவு பெரிசு என்று யாராவது சொன்னார்களா? 1 செ.மீ. மச்சம், இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1. குதிகாலில் 3 செ.மீ. பள்ளம். அதை இழுத்துத் தைக்க முடியாது. தொடைத் தோலை ஒட்டலாம், ஆனால் அது உடம்பைச் சுமந்து பழகாத தோல், வெடித்துப் புண்ணாகலாம். உள்ளங்காலின் நடு வளைவில், தரையில் படாத இடத்துத் தோலை அதன் ரத்தக் குழாயோடு நகர்த்திக் குதிகாலுக்குக் கொண்டுவரும் முறை உண்டு. அது தடித்த தோல், உணர்ச்சியும் பெரும்பாலும் நிற்கும். எல்லா சர்ஜனும் இதைச் செய்வதில்லை. ஆகவே ஆபரேஷனில் பிளாஸ்டிக் சர்ஜன் இருப்பாரா என்பது சனிக்கிழமை நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது. நான் பார்த்தவரையில் குடும்பங்கள் கேட்க மறக்கிற கேள்வியும் இதுதான். எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது, அதுவரை மாட்டை யார் கறப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் பேசாமல் எப்படி முடிவு செய்வீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நாங்களும் அத்தையிடம் கடைசி வரை "நீர்க்கட்டி" என்றே சொன்னோம். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது போல நடித்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று பிறகு பக்கத்து வீட்டம்மா சொன்னார். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது எடுத்துவிடக்கூடிய நோய், சொல்ல முடியாத அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நெறியை எடுத்துப் பார்ப்பதா, விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வதா என்பதில் உங்கள் வாக்கும் என் வாக்கும் இரண்டாம் பட்சம். அவர் வேண்டாம் என்றால் அதுவும் மருத்துவம் ஏற்றுக்கொள்கிற முடிவுதான். அப்புறம் தொடை இடுக்கைத் தானே தடவிப் பார்க்கவும், மற்ற காலையும் கைகளையும் நகங்களையும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சனிக்கிழமை அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள். தோழி கேட்கச் சொன்னாள்: ரிப்போர்ட்டில் 0.9க்கு முன்னால் "குறைந்தது" என்று ஏதாவது இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா