நாடி தப்பும்போது பி.பி. எண்ணை எப்படி நம்புவது?

கேள்வி: மாமியாருக்கு ரத்த அழுத்தத்தோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) இருக்கிறது. வீட்டு மெஷினில் ஒரு தடவை 158, அடுத்த நிமிடமே 136. சில நேரம் ‘எரர்’ என்று நின்றுவிடுகிறது. மெஷின் பழுதா?

பதில்: பெரும்பாலும் மெஷின் மேல் குற்றமில்லை. இந்தக் கோளாறில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறும். இடைவெளி நீண்டால் இதய அறை நன்றாக நிரம்பி அடுத்த துடிப்பு பலமாக வரும். குறுகினால் நிரம்ப நேரமில்லாமல் சோர்வாக வரும். எந்தத் துடிப்பு மெஷினிடம் சிக்குகிறதோ, அதற்கேற்ப எண் ஏறி இறங்கும். ஆகவே ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, மூன்றையும் எழுதி, சராசரியைப் பாருங்கள். டாக்டரிடம் நோட்டை அப்படியே காட்டுங்கள். நல்ல எண்ணை மட்டும் பொறுக்கி எழுத வேண்டாம்.

எடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் கட்டக் கூடாது. முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, இதய மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளே காற்று நிரம்பும் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும்.

மெஷின் காட்டும் நாடித் துடிப்பை இவர் விஷயத்தில் நம்ப வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குத்தான் சரிவரும். இன்னொன்று: சோர்வான துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. ஸ்டெதாஸ்கோப் இருந்தால், ஒருவர் இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்துக் கேட்க, மற்றவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடித்து எண்ணலாம். மார்பில் 112, கையில் 88 என்றால் 24 துடிப்பு கைக்கு வரவில்லை. கையில் மட்டும் பார்த்திருந்தால் ‘88தானே’ என்று விட்டிருப்போம். ஓய்விலிருக்கும்போதே மார்புத் துடிப்பு 110-ஐத் தாண்டி நின்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இதயத் துடிப்பை மெதுவாக்கும் டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் நாடி 54. மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன் ஒரு நிமிடம் எண்ணி, 60-க்குக் கீழ் இருந்தால் நிறுத்திவைத்துக் கேட்பது நர்ஸிங் வழக்கம். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் படிவது ஆகியவை மருந்து மிகுந்ததற்கான அடையாளங்கள். தாறுமாறாக இருந்த நாடி திடீரென்று மெதுவாகவும் சீராகவும் ஆனால் ‘குணமாகிவிட்டது’ என்று மகிழ வேண்டாம். அதுவும் நச்சின் அறிகுறியாக இருக்கலாம். கூடவே ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கி, வழக்கமான அளவு டிஜாக்சினே நச்சாகும். அதற்காக நீங்களாகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், ஸ்பைரனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடலில் தங்க வைக்கும் நீர் மாத்திரை) எடுப்பவருக்கும் அது பொட்டாசியத்தை ஆபத்தாக ஏற்றிவிடும்.

கேள்வி: படுக்கையிலிருந்து எழுந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

பதில்: 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, நின்ற 1 மற்றும் 3 நிமிடத்தில் ஒவ்வொரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்து அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழட்டும்.

கேள்வி: 190/110 காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பி.பி. மருந்தை வைக்கச் சொன்னார்.

பதில்: வேண்டவே வேண்டாம். அழுத்தம் சட்டென்று சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும். அமைதியாக உட்கார வைத்து 5 நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தால் ஆம்புலன்ஸ்தான். முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறல் என்றால் எண் எதுவானாலும் ஆம்புலன்ஸ். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசினால் போதும்.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: கூடாது. ரத்தக் கசிவு அபாயத்தையும் ஏற்றும், பி.பி.யையும் ஏற்றும். டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். பாராசிட்டமாலைக்கூடத் தொடர்ந்து எடுப்பதானால், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) பரிசோதனை செய்யும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.