புது ஸ்டேஷனில் முதல் அறை யாருக்கு?

கேள்வி: பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஏரியாவில் வயலும் நாலு தெருவும்தான். இப்போது திரும்பின பக்கமெல்லாம் அபார்ட்மென்ட். போலீஸ் ஸ்டேஷன் மட்டும் இன்னும் வாடகை வீட்டில் ஓடுகிறது. புதுக் கட்டடம் வரப்போகிறது, எங்கள் குடியிருப்போர் சங்கத்திடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எதை வலியுறுத்த வேண்டும்?
- ஒரு வாசகி, தாம்பரம் அருகே

பதில்: கேட்டார்களே, அதுவே சந்தோஷம். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் 2022 ஜனவரியில் தனி கமிஷனரகம் வந்ததே சென்னை உங்கள் பக்கம் வளர்ந்த வேகத்தால்தான். முகப்பு, வளைவு, பெயர்ப்பலகை என்று பேச்சை ஆரம்பித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க வருகிறவர் கேட்டைத் தாண்டியதும் எங்கே உட்காருவார், யாரிடம் பேசுவார் என்பதிலிருந்து வரைபடத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு ஸ்டேஷனில் காத்திருந்தபோது பார்த்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முப்பது வயசு இருக்கும், தோளில் தூங்குகிற குழந்தை, கையில் ஒரு மஞ்சள் பை. புருஷன் அடித்ததை ரைட்டர் மேஜைக்கு முன்னால் நின்றபடியே சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து பெஞ்சில் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கிறோம். வயர்லெஸ் கரகரவென்று கத்த, ரைட்டர் "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை, நிஜமாகவே கேட்கவில்லை. அந்தப் பெண் எங்களை ஒருமுறை பார்த்தார், "நாளைக்கு வர்றேன் சார்" என்று கிளம்பிவிட்டார். பத்துக்குப் பத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறை இருந்திருந்தால் அன்றைக்கே அந்தப் புகார் பதிவாகியிருக்கும்.

அதனால் முதல் கோரிக்கை அந்த அறைதான். வாசலை ஒட்டி, லாக்கப் கண்ணில் படாத பக்கமாக, ஃபேன், குடிதண்ணீர், சுத்தமான டாய்லெட்டோடு இருக்கட்டும். மகளிர் காவல் நிலையம் நம் மாநிலத்தில் 1992-லேயே வந்துவிட்டது, பெண்கள் அங்கே போகலாமே என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் ஓடி வருவது பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷனுக்குத்தான்.

அப்புறம் கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது: வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்பக்கம் வரை ஒலியோடு பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் உயிரிழந்த பிறகு விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. லாக்கப்பைப் பின்கட்டில் ஒளித்துவைக்காமல் பாரா நிற்பவரின் நேர் பார்வையில் வைக்கச் சொல்லுங்கள், எந்தக் கேமராவிலும் விழாத மூலை இருக்கிறதா என்று வரைபடத்திலேயே தேடுங்கள்.

பெண் போலீசாருக்கு உடை மாற்றும் அறையும் தனிக் கழிவறையும் கேளுங்கள், வாடகை வீட்டு ஸ்டேஷன்களில் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரிவதில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறைந்தால் ஏற முடியாது. பிடிபட்ட வண்டிகளை வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் போட்டுவைக்கக் கூடாதென்று 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது, ஆனாலும் முன்வாசல் துருப்பிடித்த பைக்குகளால்தான் நிரம்புகிறது, அதற்குப் பின்பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஊர் இன்னும் வளரும், மேலே ஒரு மாடி தாங்குகிற மாதிரி அஸ்திவாரம் போடட்டும்.

வரைபடம் கைக்கு வந்ததும், ராத்திரி வருகிற அந்தப் பெண் நடக்கும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ரைட்டர் மேஜையையும் லாக்கப்பையும் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக முடியும் என்றால், மாற்றித் தரும்வரை சரி என்று சொல்லாதீர்கள்.